பட்டு செக்‌ஷனுக்கு ஒரு கறாரான புத்தகம்

எனக்குப் பேச்சு வராது. எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பட்டுப் புடவையை விரித்துவிட்டால் போதும், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன். கரையைச் சொல்லுவேன், முந்தானையைச் சொல்லுவேன், வெயிலில் ஒரு நிறமும் டியூப்லைட்டில் ஒரு நிறமும் காட்டுகிற மயில் கழுத்தைப் பற்றிக் கால் மணி நேரம் சொல்லுவேன். புடவையை மடித்து வைத்ததும் என் பேச்சும் மடிந்துவிடும். அதற்குப் பிறகு பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லக்கூட வாய் வராது. பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். நான் வெகு நேரம் யோசித்து, "கரை நல்லா இருக்குது" என்றேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது.

எங்கள் கடை தி. நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெரிய தெருவின் கூட்டம் அங்கே வராது. வருகிறவர்கள் எல்லாம் பழைய வாடிக்கை. அங்கே பட்டு செக்‌ஷனில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். படிப்பு அஞ்சாவது வரைதான். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் புடவைகளில் தொங்கவிடுகிற சீட்டை எழுதுகிற வேலையும் என்னிடம் வந்தது.

இப்போது சீட்டில் பார்கோடு எல்லாம் வந்துவிட்டது. இருந்தாலும் கீழ் மூலையில் பேனாவால் இரண்டு தமிழ் எழுத்து எழுதுவேன். முதல் எழுத்து, புடவை கடைக்கு வந்த மாதம். இரண்டாவது, வருஷம். எந்த எழுத்து எந்த மாதம், எந்த எழுத்து எந்த வருஷம் என்பது எங்கள் முதலாளி அண்ணாச்சியின் அப்பா போட்டுவைத்த வரிசை. அதை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது, மனசில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணாச்சி, நான்.

இந்த ரகசியம் எதற்கு என்றால், பழைய சரக்கு முதலில் போக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் அலமாரியில் இருந்த புடவைக்கு எங்கள் கடையில் பெரியம்மா என்று பேர். கல்யாண கோஷ்டி உள்ளே நுழைந்ததும் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏ, பெரியம்மாவை எழுப்பி உக்கார வையும்" என்பார். நான் சீட்டைப் பார்த்து, வயசைக் கணக்குப் போட்டு, நல்ல பெரியம்மாவாக ஒன்றை எடுத்து மடியில் விரிப்பேன். "எப்ப வந்தது?" என்று கேட்டால், "நேத்து சாயங்காலம் பிரிச்ச கட்டு" என்பேன். எல்லாப் புடவையும் எங்கள் கடையில் நேற்று சாயங்காலம்தான் வரும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வருவார். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு நாலைந்து தடவை வருவார், எடுப்பது ஒன்றோ இரண்டோ. ஃபால்ஸ் தைத்ததும் அந்தப் புடவையை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்ல மாமி. ஒரே ஒரு தொந்தரவு. நான் "நேத்து சாயங்காலம்" என்று சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு வருஷம் எட்டு மாசம்" என்பார். சரியாக இருக்கும். சும்மா குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆனி மாதக் கடைசியில் ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. பதினோரு பேர். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது புடவை ஒதுக்கினார்கள். அதில் மூன்று பெரியம்மாக்கள். அண்ணாச்சி எல்லோருக்கும் ரோஸ் மில்க் வரவழைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாமி வந்து மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தார். என் மடியில் இருந்த ராமர் பச்சையைக் காட்டி, "இது எப்ப வந்தது?" என்றார்.

"நேத்து சாயங்காலம் பிரிச்ச கட்டு மாமி."

மாமி என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் அஞ்சு மாசம்" என்றார்.

கல்யாணப் பெண்ணின் அத்தை ரோஸ் மில்க்கை இறக்கினார். "என்னம்மா சொன்னீங்க?"

"இந்தப் பச்சை. ரெண்டு வருஷம் அஞ்சு மாசமா உங்களுக்காகக் காத்துண்டிருக்கு."

"அய்யய்யோ. அப்ப இது?" என்று அத்தை அரக்குப் புடவையை என் கையில் கொடுத்தார்.

நான் வாங்கிக்கொண்டேன். மாமி என் பக்கம் பார்த்தார். "இது மூணு வருஷம் ஆகப்போறது."

அவ்வளவுதான். ஜோசியரைக் கண்டது போல பதினோரு பேரும் மாமியைச் சுற்றிக்கொண்டார்கள். ஒன்பது புடவையும் ஒவ்வொன்றாக என் மடிக்கு வந்தது. மாமி வரிசையாக வயசு சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் மனசுக்குள் கணக்குப் போட்டு, சரியாகச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. கோஷ்டி எழுந்து போய்விட்டது. ரோஸ் மில்க்கை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குக் கடை கொஞ்சம் ஓய்ந்ததும் அண்ணாச்சி என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"அந்தச் சங்கேதம் தெரிஞ்சது ஒலகத்துலயே ரெண்டு பேருவே. ஒண்ணு நான். நான் சொல்லல. இன்னொண்ணு யாரு?"

நான் என் வெறும் கையைப் பார்த்தேன்.

"அந்த அம்மா வீட்டுக்கு யாரு போறது? நானா போறேன்? காப்பி குடுத்தாவளா?"

"குடுத்தாங்க அண்ணாச்சி."

"காப்பியில கவுந்துட்டீரு."

கையில் புடவை இல்லாததால் எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அவர் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். என் கல்யாணத்திலும் இப்படித்தான் நடந்தது என்பதால் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

"ஆடித் தள்ளுபடிக்கு முந்தி சங்கேதத்தை மாத்தணும். யாராலயும் ஒடைக்க முடியாததா மாத்தணும். இல்லேன்னா நீரு ஈக்காட்டுத்தாங்கல் குடோனுக்குப் போயிரும். அங்க ஒம்மகிட்ட யாரும் எதுவும் கேக்கமாட்டான்."

குடோனுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே புடவை எல்லாம் சாக்குக் கட்டுக்குள் இருக்கும். பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மடியில் ஒன்றும் விழாது. கூச்சப்படுகிறவனுக்கு அது நல்ல இடம்தானே என்று பிறர் நினைக்கலாம். நான் மனிதர்களோடு பேசுகிற ஒரே இடம் அந்த மெத்தைதான். குடோனில் ஆறு மாதம் இருந்தால் பேசவே மறந்துபோவேன் என்று பயந்தேன்.

அண்ணாச்சியின் மருமகன் வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணாச்சி ஃபோனில் அவரைப் பிடித்து விஷயத்தைச் சொல்லி, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு. கிரிப்டோகிராஃபின்னு பேரு. எழுதறதை எப்படி மறைக்கறது, மறைச்சதை எப்படி உடைக்கறதுன்னு எல்லாம் கணக்கா வச்சிருக்காங்க. நல்ல புத்தகம் ஒண்ணு வாங்கி வைங்க, நான் வரும்போது பாத்து ஒரு முறை போட்டுத் தரேன். மேலோட்டமா எழுதினது வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் நிரூபணம் இருக்கணும். கறாரா இருக்கணும். நான் இங்கயே ஆர்டர் போட்டு அனுப்பட்டுமா?"

"படத்தைப் பாத்து வாங்குத பழக்கம் நம்ம கடைக்குக் கிடையாது மாப்ளே. தொட்டுப் பாத்துதான் வாங்கணும்" என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீருதான் எழுதுதீரு. நீரே போயி வாங்கிட்டு வாரும். கறாரான புத்தகமா இருக்கணும்."

மறுநாள் ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளுவதா இழுப்பதா என்று நிற்கும்போது உள்ளிருந்து ஒரு பெண்ணே திறந்துவிட்டாள். "சொல்லுங்க சார், என்ன பார்க்கறீங்க?" என்று சிரித்தாள். மடியில் எதுவும் இல்லாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். "சும்மா பார்க்க வந்தேன்" என்றேன். எங்கள் கடையில் ஒரு நாளைக்கு இருபது பேர் என்னிடம் சொல்கிற வார்த்தை அது. சொல்லிவிட்டு, அவர்களைப் போலவே எதையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். இதை இவ்வளவு நாள் நான் தப்பாக நினைத்துவிட்டேன். அவர்களில் பாதிப் பேருக்காவது வாங்கும் ஆசை இருந்திருக்கும்.

பிறகு மயிலாப்பூரில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் போனேன். அங்கே கதவு கிடையாது. கிரிப்டோகிராஃபி என்று மருமகன் சொன்னதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை நீட்டினேன்.

"இன்னா நைனா, மருந்துச் சீட்டா?" என்று வாங்கிப் படித்தார். "ஓ இதுவா. ரெண்டு கீது. யாருக்கு, பையனுக்கா?"

"எனக்கு."

ஏற இறங்கப் பார்த்தார். "படி, படி. வயசெல்லாம் பாக்காத."

இரண்டையும் எடுத்துப் போட்டார். ஒன்று பளபளவென்று, அட்டையில் பெரிய பூட்டுப் படம். இன்னொன்று சாம்பல் நிறம், படமே இல்லை, செங்கல் மாதிரி இருந்தது.

"பூட்டு போட்டது சூப்பரா போவும் நைனா. இது வந்து ரெண்டு மழையா இங்கயே குந்திகினு கீது. தலைக்கு வச்சிகினு படுத்தா கழுத்து சுளுக்கிக்கும்."

அவருடைய பெரியம்மா எது என்று எனக்குப் புரிந்தது. தன் பெரியம்மாவைத் தானே இழித்துப் பேசுகிற வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

இங்கிலீஷில் எழுத்துக் கூட்டித் தலைப்பைப் படிக்கத் தெரியும், அதற்கு மேல் எனக்கு ஓடாது. ஆகவே தெரிந்த முறையில் பார்த்தேன். பட்டுக்கு முன்பக்கத்தைப் பார்க்கக் கூடாது, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நூல் எங்கே முடிந்திருக்கிறது, எங்கே வெட்டி விட்டிருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். பூட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் ஒரு ஆளின் சிரித்த படம் இருந்தது. செங்கல்லின் பின்பக்கம் திருப்பினால் சின்ன எழுத்தில் பட்டியல் பட்டியலாக இருபது முப்பது பக்கம் போனது. நடுவில் பிரித்தால் பத்திக்குப் பத்தி கடைசியில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். முடிச்சுப் போட்டு முடித்தது போல இருந்தது.

அப்புறம் இரண்டையும் மூடி, பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தேன். விரிக்க விரிக்கப் புடவையின் மடிப்பில் அழுக்கு ஏறும். எத்தனை பேர் எதுவரை விரித்தார்கள் என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம். பூட்டுப் புத்தகத்தில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி அழுக்கு. எல்லோரும் சுகமாகப் படித்து முடித்திருக்கிறார்கள். செங்கல்லில் முதல் நாற்பது பக்கம் கறுப்பு, அதற்குப் பிறகு வெள்ளை வெளேர் என்று இருந்தது. படித்தவர்கள் அங்கேயே விழுந்திருக்கிறார்கள். ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் ஒரு விரல் அகலத்துக்கு அழுக்கு. யாரோ ஒருவர் அதுவரை போயிருக்கிறார், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் வந்திருக்கிறார்.

கறாரானது செங்கல்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் குடோனா மெத்தையா என்பதை அழுக்கை வைத்து முடிவு செய்யத் தைரியம் வரவில்லை.

"ரெண்டையும் எடுத்துனு போ நைனா. ஒரு வாரத்துல எது வாணாமோ அத்த கொண்டாந்து குடுத்துரு" என்றார் அவர்.

வீட்டில் செங்கல்லைப் பார்த்த என் மனைவி, "இன்னாத்துக்கு இது? அம்மி ஆடுதுன்னு அண்டக் குடுக்கவா?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசித்து, "கணக்கு டீச்சர் ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்லுவியே, அவங்கள கேளேன்" என்றாள்.

"அவங்கதான் ஒடைச்சவங்க."

"அப்ப அவங்களுக்குத்தான நல்லாத் தெரியும்?"

சனிக்கிழமை மாமியின் புடவையை ஃபால்ஸ் தைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பையில் புடவைக்கு அடியில் இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு போனேன். மயிலாப்பூரில் இரண்டாவது மாடி. மாமி கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ, காப்பி கலந்துண்டு வரேன்" என்றார். காப்பியில கவுந்துட்டீரு என்று அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தாலும் உட்கார்ந்தேன். பேச்சு வர வேண்டுமே என்று பையிலிருந்து புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மாமி, அண்ணாச்சி பேரன் படிக்கிறதுக்கு ஒரு புத்தகம் வேணுமாம். ரெண்டுல எது கறாரானதுன்னு பாத்துச் சொல்லணும்."

மாமி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பூட்டுப் புத்தகத்தைப் பத்து நிமிஷம் புரட்டினார். "நன்னாதான் எழுதியிருக்கான். ஆனா 'இது ரொம்பப் பாதுகாப்பானது, இதை உடைக்கவே முடியாது'ன்னு சொல்லிண்டே போறான். ஏன்னு ஒரு இடத்துலயும் சொல்லல. நீங்க புடவை விக்கற மாதிரி இருக்கு."

பிறகு செங்கல்லை எடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் என்னை மறந்துபோனார்.

"இது புத்தகம்" என்றார் கடைசியில். "ரகசியம்னா என்ன அர்த்தம்னு முதல்ல வரையறுத்துண்டுதான் மேல போறான். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் நிரூபணம். நிரூபணம் முடிஞ்ச இடத்துல கட்டம் போட்டிருக்கான் பாருங்கோ. எதை நிரூபிக்க முடியலையோ அதை 'நிரூபிக்கல, நம்பறோம்'னு ஒத்துக்கறான். அதுதான் கறார். ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறான்: உன்னோட முறை பூரா எதிரிக்குத் தெரியும்னு வச்சுக்கோ. அப்பவும் ரகசியம் நிக்கணும்."

"எதிரின்னா மாமி?"

"ரகசியத்தைத் தெரிஞ்சுக்கப் பார்க்கறவா." மாமி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "சக்கரை போறுமா?"

போதும் என்று தலையாட்டினேன். வியர்த்துவிட்டது.

மாமியும் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தார். "இங்க யாரோ நிறையப் படிச்சிருக்கா போல" என்று அந்த விரல் அகல அழுக்கில் பிரித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடுகிற சிரிப்பு.

"இது உங்க அண்ணாச்சி பேரனுக்கு இல்லையே?"

நான் மடியில் இருந்த புடவையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குடோன் வரைக்கும் சொன்னேன். மாமியின் சிரிப்பு நின்றது.

"இந்த அத்தியாயம் என்ன சொல்றது தெரியுமா? ஒரு மிஷின் இருக்கு. அதுக்குள்ள இருக்கற பூட்டை ஒருத்தராலயும் உடைக்க முடியாது. எதிரி அந்தப் பூட்டைத் தொடவே மாட்டான். பக்கத்துல உக்காந்துண்டு, மிஷின் கணக்குப் போடறச்சே எவ்வளவு நேரம் எடுத்துக்கறது, என்ன சத்தம் போடறது, எவ்வளவு கரண்ட் இழுக்கறதுன்னு பார்த்துண்டிருப்பான். ரகசியம் அது வழியா வெளில வந்துடும்."

"எங்க கடையில மிஷின் ஏதும் இல்லையே மாமி."

"இல்லையா? உங்க மடில இருக்கே, அந்தப் புடவை எப்ப வந்தது?"

பழக்கத்தில் சீட்டைப் பார்த்தேன். "நேத்து..."

"என்னைப் பார்க்காதேங்கோ. கையைப் பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். என் வலது கைக் கட்டை விரல், மோதிர விரலின் நடுக் கணுவில் நின்றுகொண்டிருந்தது. இடது கையில் சுண்டு விரல் மடங்கியிருந்தது.

"ஒரு வருஷம் அஞ்சு மாசம்" என்றார் மாமி.

விஷயம் இதுதான். ஒரு விரலுக்கு மூன்று கணு. நாலு விரலுக்குப் பன்னிரண்டு. சுண்டு விரல் அடியில் தொடங்கி ஆள்காட்டி விரல் நுனிக்குக் கட்டை விரல் போய்ச் சேர்ந்தால் ஒரு வருஷம். இடது கையில் ஒரு விரலை மடக்க வேண்டும். அஞ்சாவது படித்தவன் வேறு எப்படி மாதக் கணக்கைப் போடுவான்? இதைச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. மூச்சு விடுவது போல விரல் தானாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் தொடைமேல், எல்லோர் கண் முன்னாலும்.

"நான் தினம் நூத்தெட்டு ஜபத்தை அந்தக் கணுவுலதானே எண்ணறேன், எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார் மாமி. "முதல் ரெண்டு வருஷம் நீங்க ஏதோ சுலோகம் சொல்லிண்டிருக்கேள்னுதான் நினைச்சேன். என்ன பக்தி, புடவை விக்கறச்சேகூட விடாம சொல்றாரேன்னு எங்காத்துக்கு வரவா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"அப்ப அந்தச் சீட்டுல இருக்கிற எழுத்து?"

"எந்த எழுத்து? நான் கடைக்குக் கண்ணாடியே எடுத்துண்டு வரதில்லையே."

வரும்போது பூட்டுப் புத்தகத்தை நடைபாதைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். "இன்னா நைனா, நெசமாவே குண்டு புக்கையா வச்சுக்கினே?" என்று அவர் வெகு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி செங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு" என்று திருப்தியானார். ஃபோனில் மருமகனுக்குக் காட்டினோம். அவர் சத்தம் போட்டார். "மாமா, இதை யாரு செலக்ட் பண்ணினது? இதுக்கு மேல கறாரா ஒண்ணு கிடைக்காது. ஆனா இதுல இருக்கிற முறையெல்லாம் கம்ப்யூட்டர் செய்யறது. கையால செஞ்சா ஒரு சீட்டு எழுதி முடிக்கறதுக்குள்ள ஆடி போய் தீபாவளி வந்துரும்."

"தங்கமான புத்தகம், தள்ளுபடிக்கு ஆகாது" என்று அண்ணாச்சி ஃபோனை வைத்தார். அப்போதுதான் நான் ஒரு புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு, சங்கேதத்தில் குற்றமில்லை, என் விரலில்தான் என்று சொன்னேன். செய்து காட்டினேன். மாமி சொன்னதை எல்லாம் சொன்னேன். சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். "அப்ப நீருதானவே சொல்லியிருக்கீரு? வாயால சொன்னா என்ன, வெரலால சொன்னா என்ன? இருபத்திரண்டு வருசமா ஒம்ம வெரலு நம்ம கடைக் கதையை ஊருக்கு வாசிச்சிருக்கு. திங்கக்கெழம குடோனுக்குப் போயிரும்."

அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் போட்டால் இதற்கும் ஒரு கறுப்புக் கட்டம் வைக்கலாம்.

நடுவில் இருந்தது ஆடி முதல் வெள்ளி. தள்ளுபடிக் கூட்டம். ரவிக்கை அளக்கிற இஞ்ச் டேப்பை வலது கையில் நாலு சுற்றுச் சுற்றி, கட்டை விரலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தேன். விரல் அசையாததால் எந்தப் புடவைக்கு என்ன வயசு என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே வயசாகத் தெரிந்தது. கடைசி வெள்ளிக்கிழமை என்று நினைத்துக்கொண்டே விரித்தேன், மடித்தேன்.

பதினொரு மணிக்கு மாமி வந்தார். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "நீரு தள்ளி இரும். நானே பாத்துக்கிடுதேன்" என்று என் இடத்தில் உட்கார்ந்தார். வேட்டியை ஒழுங்காக்கிக்கொண்டு, ஒரு கத்தரிப்பூ நிறத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"இது எப்ப வந்தது அண்ணாச்சி?"

அண்ணாச்சி சீட்டை ஒரு பார்வை பார்த்தார். "இப்பத்தான் மாமி. ஆடிக்குன்னே போட்ட புதுச் சரக்குல்லா."

மாமி என் கையைப் பார்த்தார். இஞ்ச் டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. பிறகு மெல்லத் திரும்பி அண்ணாச்சியின் தொடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணாச்சியின் இடது கையில் நாலு விரலும் மடங்கியிருந்தன. வலது கைக் கட்டை விரல், சுண்டு விரலின் அடிக் கணுவில் அப்போதுதான் வந்து உட்கார்ந்தது.

"நாலு வருஷம் ஒரு மாசம்" என்றார் மாமி.

பக்கத்து மெத்தையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் இஞ்ச் டேப்பை அவிழ்த்து, சீட்டை வாங்கி, எண்ணிப் பார்த்தேன். நாலு வருஷம் ஒரு மாசம்.

அண்ணாச்சி தன் கையைத் தானே பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரனின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மெதுவாகத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"உங்க விரலோட கையெழுத்து இவரோடதைவிட நன்னா இருக்கு அண்ணாச்சி. அச்சடிச்ச மாதிரி" என்றார் மாமி. "பழசுங்கறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. புதுசுன்னு சொல்றேளே, அதுலதான். இதைப் போடுங்கோ, எடுத்துக்கறேன்."

அன்றைக்கு மதியம் அண்ணாச்சி மெத்தைப் பக்கமே வரவில்லை. மாலையில் கூட்டம் குறைந்ததும் நான் கல்லாவுக்குப் போனேன். கையில் புடவை இல்லை. அதைப் போன பிறகுதான் கவனித்தேன்.

"திங்கக்கிழமை நான் குடோனுக்குப் போகணுமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீரு போனா நானும்லா வரணும்."

சங்கேதத்தை மாற்றவில்லை. அண்ணாச்சியின் அப்பா போட்டபடியேதான் எழுதுகிறேன். அந்தக் கறாரான புத்தகம் கடையில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மெத்தைப் பக்கம் வந்து உட்காரும்போது அண்ணாச்சி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கனத்தைப் பிடித்திருக்கிற கையில் ஒரு விரலும் அசையாது. பூட்டுப் புத்தகமாக இருந்திருந்தால் இதற்கு உதவியிருக்காது. "என்ன அண்ணாச்சி, எப்பப் பார்த்தாலும் படிப்பு?" என்று யாராவது கேட்டால், "கறாரான புத்தகம்" என்பார்.

எனக்கு இஞ்ச் டேப் போதுமாக இருக்கிறது. போன வாரம் மாமி வந்தார். ஒரு மாம்பழ மஞ்சளைக் காட்டி எப்போது வந்தது என்று கேட்டார். டேப்பால் கட்டின கையோடு, நேற்று சாயங்காலம் என்றேன். மாமி என் கையைப் பார்க்கவே இல்லை. வெகு நேரம் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மணத்தைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டுக்கொண்டேன்.